கிளாஸை அளந்தீங்களா?

அக்கா, தப்பா நினைக்காதீங்க, உங்க பையிலிருந்து அந்தத் திரிச் சுருள் எட்டிப் பார்க்கிறது. மெழுகுவர்த்தித் திரிதானே? பார்த்ததும் தெரிந்துவிட்டது. கடையிலேயே உங்களைப் பார்த்தேன். "நல்லா தடிமனா, புகை வராததா ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டுக்கொண்டிருந்தீங்க. கடைக்காரரும் கைக்கு எட்டின சுருளை எடுத்து வெட்டிக் கொடுத்துவிட்டார். அப்போதே வாயைத் திறந்திருக்கணும். அவர் கடைக்குள்ளேயே நின்றுகொண்டு அவர் வியாபாரத்தைக் கெடுக்கலாமா? அதான் பேசாமல் இருந்தேன். இப்போ ஆண்டவர் பக்கத்து சீட்டையே கொடுத்திருக்கிறார். விடுவேனா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்க எந்தக் கிளாஸில் மெழுகு ஊற்றப்போறீங்களோ, அந்தக் கிளாஸை அளந்தீங்களா? உயரத்தை இல்லை. வாயை. உள் பக்கத்து அகலத்தை.

பாருங்க, முழிக்கிறீங்க. நானும் இப்படித்தான் முழித்தேன். உங்களிடம் கேட்பது யாரோ பஸ்ஸில் வந்தவள். என்னிடம் கேட்டது என் ஓரகத்தி. ஓரகத்தி கேட்டால் அது கேள்வி மாதிரியா காதில் விழும்?

பெயர் வினோலியா. என் கொழுந்தனார் அருளுடைய மனைவி. எனக்கு அவளைப் பார்த்தால் பொறாமை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஆமாம், பொறாமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நியாயமான பொறாமை. நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்க.

மெழுகுவர்த்தி வேலையை அந்த வீட்டில் ஆரம்பித்தது யார்? நான். என் மகள் ஷைனி பிறந்து எட்டாம் மாதம், அவளைத் தொட்டிலில் போட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில் அடுப்பு வைத்து, அச்சில் ஊற்றி ஆரம்பித்தேன். சாதாரணக் குச்சி மெழுகுவர்த்திதான். எங்கள் ஊர்க் கோயிலுக்கு, குகை மாதிரிக் கட்டின மாதா கெபிக்கு, கல்லறைத் திருநாளுக்கு எல்லாம் என் மெழுகுவர்த்திதான். வழி கேட்டால் எங்கள் வீட்டை 'மெழுகுவர்த்தி வீடு' என்றுதான் சொல்வார்கள். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தேன், அதுவும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே. அதற்கு மேல் எனக்கென்று இருந்த ஒரே பெயர் இதுதான், அக்கா. மற்றதெல்லாம் இன்னார் மகள், இன்னார் பெண்டாட்டி, ஷைனி அம்மா.

அப்புறம் இவள் கல்யாணமாகி வந்தாள். ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர். கொட்டகை மட்டும் பொது. வந்த மூன்றாம் நாளே கொட்டகை வாசலில் நின்று, "அக்கா, எனக்கும் சொல்லிக் குடுக்கறீங்களா?" என்றாள். சொல்லிக் கொடுத்தேன். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கணும் என்பதிலிருந்து எல்லாம். என் கையாலேயே.

இந்த வருஷம் ஈஸ்டர் முடிந்ததும் மாதா சுரூபத்துக்குப் புது வர்ணம் பூசினார்கள். போன வருஷத் திருவிழாவில் எரித்த மெழுகுவர்த்திப் புகையில் மாதா முகம் அடுப்படிச் சுவர் மாதிரி ஆகிவிட்டது. அது என் மெழுகுவர்த்திதான், சரி, ஆனால் காற்றுக்கு நான் என்ன பண்ணுவேன்? வர்ணம் பூசி முடித்த ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் பூசையில் சொல்லிவிட்டார். "இனி கெபிக்குள்ள கிளாஸ் மெழுகுவர்த்தி மட்டும்தான். பத்து நாள் திருவிழாவுக்கும் நம்ம ஊர்ப் பொண்ணுங்களே செஞ்சு குடுங்க. ஆனா கரி வரக் கூடாது. வந்துச்சுன்னா மறுநாளே சீரியல் பல்பு மாட்டிருவேன். பெறகு கெபியில மெழுகுவர்த்திங்கிற பேச்சே கெடையாது."

நீங்களே சொல்லுங்க. பல்பு மாட்டிவிட்டால் நான் யார்?

கிளாஸ் மெழுகுவர்த்தி என்றால் என்ன பெரிய வித்தை, கிளாஸில் ஊற்றினால் கிளாஸ் மெழுகுவர்த்தி என்றுதான் நினைத்தேன். டீக்கடை கிளாஸ் வாங்கினேன். குச்சி மெழுகுவர்த்திக்குப் போடுகிற அதே திரியைப் போட்டேன். கொளுத்தினால் அரை மணி நேரம் நன்றாக எரிகிறது. அப்புறம் நடுவில் கிணறு தோண்டிக்கொண்டு கீழே போகிறது. சுற்றிலும் மெழுகு சுவர் மாதிரி அப்படியே நிற்கிறது. கடைசியில் உருகின மெழுகிலேயே திரி மூழ்கிச் செத்துப்போகிறது.

அந்தப் பக்கம் இவள் கிளாஸ். ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் தோசைக்கல்லில் எண்ணெய் பரவின மாதிரி மெழுகு சமமாக உருகி நிற்கும். சுடர் ஒரு நகக்கண் உயரம். ஆட்டம் கிடையாது, கரி கிடையாது. என் வீட்டுக்காரர் வேலை விட்டு வந்தவர் நேராக அவள் பக்கம் போய்க் குனிந்து பார்க்கிறார். "ஏ ஜெனிட்டா, இங்க வந்து பாரேன், எரியுதான்னே தெரியல!" என்கிறார். எரியுதான்னு தெரியாத மெழுகுவர்த்தி எதற்குங்க? அன்றைக்கு அவருக்குக் குழம்பில் உப்புக் குறைவுதான்.

ஷைனி அதுக்கு மேலே. "சித்தி மெழுகுவத்தி சிரிக்குதும்மா, ஒன்னோடது தூங்குது." மூன்றரை வயது. யார் பெற்ற பிள்ளை பாருங்க!

இவள் வேலை செய்கிற விதத்தையும் கேளுங்க. நான் ஒரு மணி நேரத்தில் நாற்பது கிளாஸ் ஊற்றுவேன். இவள் மூன்றே மூன்று ஊற்றுவாள். மறுநாள் அந்த மூன்றையும் கொளுத்தி வைத்துக்கொண்டு முன்னால் மணை போட்டு உட்கார்ந்துவிடுவாள். நாலு மணி நேரம்! அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி அதையே பார்த்துக்கொண்டு. விற்கிற பொருளை இவளே எரித்துத் தீர்க்கிறாள். இது என்ன இவள் மாமனார் வீட்டுச் சொத்தா? ஆமாம், மாமனார் வீடுதான், இருந்தாலும் ஒரு கணக்கு வேண்டாமா? மாசமாக வேறு இருந்தாள். சோம்பலுக்கு இது ஒரு சாக்கு என்று நினைத்தேன்.

ஒருநாள் மானத்தை விட்டுக் கேட்டேன். "வினோ, நீ எந்தத் திரி போடற?"

அவள் என் கிளாஸை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, கிளாஸை அளந்தீங்களா?" என்றாள்.

நான் கேட்டது திரியை. அவள் பேசுவது கிளாஸை. மழுப்புகிறாள் என்று புரியாதா எனக்கு? "அளக்கறதுக்கு நான் என்ன தையல்காரியா?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பின்னாலேயே "இல்லக்கா, கிளாஸ் வாய் அகலத்துக்குத் தக்கபடிதான் திரி..." என்று ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். நான் மிக்சியைப் போட்டேன்.

அதற்கப்புறம்தான் கவனித்தேன். கொட்டகை ஜன்னல் கட்டையில் ஒரு பாட்டில் நிறையத் திரி வைத்திருப்பாள். எல்லாரும் பார்க்கிற மாதிரி, திறந்தே கிடக்கும். ஆனால் மேலே தகரத்துக்கும் உத்தரத்துக்கும் நடுவில் ஒரு பிஸ்கட் டப்பா. அதை அவள் ஸ்டூல் போட்டுத்தான் எடுப்பாள், மாசமான வயிற்றோடு. நானும் எதற்குச் சுற்றி வளைக்கணும், சொல்லிவிடுகிறேன். நல்லதை யாராவது ஜன்னலில் வைப்பார்களா? ஒளித்து வைப்பதுதானே நல்லது? ஞாயிற்றுக்கிழமை அவளும் அருளும் ஆஸ்பத்திரிச் செக்கப்புக்குத் திண்டுக்கல் போனபோது ஸ்டூல் போட்டு ஏறிவிட்டேன்.

உள்ளே திரி. தடி தடியாக, பின்னல் போட்டு, மெழுகில் முக்கி விறைப்பாக, அடியில் வட்டத் தகடு கோத்து, அத்தனை ஒழுங்கு. என் திரியைப் போல இரண்டு மடங்கு தடிமன். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. 'அடியே, இதுதானா உன் ரகசியம்!' என் திரி மெலிசு, அதனால் மூழ்குகிறது. இவள் திரி தடிமன், அதனால் எரிகிறது. இவ்வளவுதான் விஷயம், இதற்குப் போய் கிளாஸை அள, வாயை அள என்று கதை. நூற்றிருபது எடுத்துக்கொண்டேன். டப்பாவில் பாதிதான் குறைந்தது. அடியில் பழைய திரியைப் போட்டுச் சமமாக்கி, இருந்த இடத்திலேயே வைத்தேன். திருட்டு என்று சொல்லாதீங்க. ஒரே வீடு.

அவசர அவசரமாக ஊற்றினேன். கிளாஸ் வாயில் குறுக்கே ஈர்க்குச்சி வைத்துத் திரியை நடுவில் நிறுத்தி, நூற்றிருபதும். ஒன்றைக் கொளுத்திப் பார்த்தேனா என்று கேட்கிறீங்களா? எதற்கு? அவள்தான் மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தாளே.

கொடியேற்றம் அன்றைக்கு, முதல் நாள், என் கிளாஸ்தான் வைக்கணும் என்று நானே ஃபாதரிடம் போய்ச் சொன்னேன். கெபிப் படிகளில் வரிசையாக அடுக்கினேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கொளுத்தினோம். ஐயோ, என்ன அழகு! ஒவ்வொரு சுடரும் விரல் நீளம். ஊரே திரும்பிப் பார்த்தது. நான் வினோலியாவைத்தான் பார்த்தேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பொறுக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு நிமிஷம், அக்கா, பொய் சொல்லக் கூடாது, அத்தனை இனிப்பு.

ஜெபமாலையில் இரண்டாம் பத்து முடியவில்லை. விரல் நீளச் சுடர் சாண் அளவுக்குத் துள்ள ஆரம்பித்தது. திரி நுனியில் எல்லாம் காளான் மாதிரி கரி மொட்டு. ஒவ்வொரு கிளாஸிலிருந்தும் கறுப்பு நூல் நூலாகப் புகை. நூற்றிருபது நூல். எல்லாம் சேர்ந்து நேராக மாதாவைப் பார்த்துப் போகிறது. புதிதாகப் பூசின நீல இடைக்கச்சை கண்ணெதிரே மங்குகிறது. கிளாஸ் வேறு தொட முடியாத சூடு. திரி சாய்ந்திருந்த ஒரு கிளாஸ் 'டப்' என்று விரிசல் விட்டது.

எதிர்வீட்டு ஆக்னஸ் இருக்கிறாளே, அருள்நிறை மரியே ஜெபம் சொல்லிக்கொண்டே நடுவில் திரும்பி, "ஏ ஜெனிட்டா, மாதாவுக்குச் சாம்பிராணி போடறியா, இல்ல கொசு வெரட்டறியா?" என்றாள். நாலு பேர் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள்.

அப்போதுதான் வினோலியா எழுந்தாள். ஆறு மாத வயிறு. கைப்பையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு நேராகப் படியேறினாள். என் காதில், "அக்கா, நீங்க அந்தப் பக்கத்துலேர்ந்து ஒண்ணு விட்டு ஒண்ணு அணைச்சுக்கிட்டே வாங்க. மிச்சத்தை நான் வெட்டறேன்" என்றாள். ஒவ்வொன்றாக அணைத்து, கரி மொட்டை நறுக்கி, திரியைக் கால் அங்குலத்துக்கு வெட்டி, திரும்பக் கொளுத்தினாள். ஊர் பார்க்க. கத்திரிக்கோலைக் கையோடு கொண்டுவந்திருக்கிறாள் பாருங்க! யாராவது ஜெபமாலைக்குக் கத்திரிக்கோல் எடுத்து வருவார்களா? தான் கெட்டிக்காரி என்று காட்டத்தானே? கரி பாதிக்கு மேல் குறைந்தது. குறைந்தது என்பதற்காகச் சும்மா விட முடியுமா, எரிச்சல் எரிச்சல்தான்.

முடிந்ததும் ஃபாதர் நேராக எங்களிடம் வந்தார். மாதா முகத்தை ஒருமுறை பார்த்தார், எங்களை ஒருமுறை. "யார் வேலை இது?"

நான் முந்தானையில் கைக்கரியைத் துடைத்தேன். இவள் முந்திக்கொண்டாள். "கொட்டகையில திரி மாறிப்போச்சு ஃபாதர். அகலச் சட்டிக்கு வாங்கினதை நான்தான் சரியா எடுத்து வைக்கல. என் தப்பு. நாளைக்கு ஒரு நாள் பாருங்க."

கேட்டீங்களா? அவளே ஒத்துக்கொண்டாள், தப்பு அவளுடையது என்று. கொடைக்கானலில் ஒரு லாட்ஜுக்கு நாலு அங்குல வாய் வைத்த சட்டியில் ஊற்றுவதற்காக வாங்கின திரியாம். சின்னக் கிளாஸில் தெரியாமல் கலந்துவிடக் கூடாது என்றுதான் மேலே வைத்தாளாம். அதை டப்பா மேலே எழுதி வைக்க வேண்டாமா? நல்லவேளை, எடுத்தது நான் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஏதோ எலி, பிள்ளை என்று நினைத்திருப்பாள். ஆனால் திருவிழா முடிந்த மறுநாள் அந்த டப்பாவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பெரிய எழுத்தில், 'அகலச் சட்டிக்கு மட்டும். கிளாஸில் போட்டால் புகையும்.' கொட்டகைக்கு வருவது நாங்கள் இரண்டு பேர்தான். யாருக்காக எழுதினாளோ.

ஃபாதர் ஒரே ஒரு நாள் தந்தார். "நாளைக்குக் கரி வந்தா எலக்ட்ரீசியன் வருவாரு."

மறுநாள் காலை ஐந்தரைக்கே கொட்டகையில் வெளிச்சம். போனால், என் டீக் கிளாஸ் ஒன்றை வைத்து, ஷைனியுடைய சிலேட்டுப் பையிலிருந்து எடுத்த ஸ்கேலால் அளந்துகொண்டிருக்கிறாள். "ரெண்டே கால் அங்குலம்க்கா. மேல கீழ ஒரே அகலம். நல்ல கிளாஸ்." மூன்று கிளாஸ் ஊற்றினாள். ஒன்றில் மெலிசுத் திரி, ஒன்றில் நடுத்தரம், ஒன்றில் கொஞ்சம் தடிமன். ஆறினதும் மூன்றையும் கொளுத்தி, காற்றுப் படாமல் கதவைச் சாத்திவிட்டு, மணையில் உட்கார்ந்தாள். எனக்கும் ஒரு மணை போட்டாள்.

முதல் தடவையாக நான் நாலு மணி நேரம் உட்கார்ந்தேன். மெலிசுத் திரி என் பழைய கதைதான், கிணறு தோண்டியது. தடித்தது ஒரு மணி நேரத்தில் மொட்டு வைத்துப் புகைந்தது. நடு கிளாஸ் மட்டும் மெதுவாக, மெதுவாக ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போனது. "அங்குலத்துக்கு ஒரு மணி நேரம்க்கா. ரெண்டே கால் மணி நேரத்துல ஓரம் தொடணும். அதுக்கு முன்னாடி தொட்டா திரி பெரிசு, தொடவே இல்லன்னா சிறுசு. வாசனைத் தைலமோ கலரோ சேத்தா மறுபடியும் மொதல்லேருந்து பார்க்கணும்" என்றாள். ஊர்த் திருவிழா, என் பெயர், எல்லாம் அந்த ஒரு கிளாஸில் இருக்கிறது. நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? புகைஞ்சிரு, புகைஞ்சிரு என்று. இவள் சொன்னது ஒரே ஒரு தடவை தப்பாகப் போகட்டும் என்று. பைத்தியக்காரத்தனம்தான். புகைந்தால் பல்பு வருவது எனக்கும் சேர்த்துத்தானே?

புகையவில்லை. ரெண்டு மணி இருபது நிமிஷத்தில் ஓரம் தொட்டது. "வந்துருச்சுக்கா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை அவள். நான் எழுந்து போய் நாலு இட்லி கொண்டுவந்தேன். மாசமானவள் என்பதற்காக. வேறொன்றும் இல்லை.

மிச்ச நாளும் அதே நடுத் திரி. தினமும் கொளுத்துவதற்கு முன்னால் கால் அங்குலத்துக்கு வெட்டுவோம், அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒரு பொட்டுக் கரி கிடையாது. தேர்பவனி அன்றைக்கு நன்றி சொல்லும்போது ஃபாதர் மைக்கில் சொன்னார். "கெபியில ஒன்பது நாளும் புகையே இல்லாம எரிஞ்ச மெழுகுவர்த்தி நம்ம ஜெனிட்டா செஞ்சது. அடுத்த வருஷமும் அவங்கதான்." ஊரே கைதட்டியது. ஆக்னஸ்கூடத் தட்டினாள். எல்லாருக்கும் மேலே சத்தமாகத் தட்டியது யார் என்று திரும்பினால், இவள்.

நான் எழுந்து, 'இல்ல ஃபாதர், வினோலியாவும்தான்' என்று சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீங்களா? உண்மையைச் சொல்லுங்க.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "ஏண்டி, உன் பேரைச் சொல்லலையா ஃபாதர்கிட்ட?" "நான்தான் ஒங்க பேர் போதும்னேன். நீங்கதானக்கா மொதல்ல ஆரம்பிச்சீங்க" என்கிறாள். எப்படி இருக்கு பாருங்க. ஒருநாள், ஒரே ஒருநாள், 'இது என்னுது, குடு' என்று அவள் சண்டைக்கு வரணும். வந்தால் நானும் நாலு வார்த்தை பேசி, அழுது, அன்றைக்கே ஆறிப்போயிருப்பேன். வரமாட்டேன் என்கிறாளே!

இப்போ பிரசவத்துக்கு அம்மா வீடு போயிருக்கிறாள், வடமதுரை பக்கம். கொட்டகை முழுக்க எனக்கே. நிம்மதி. நேற்று போன் பண்ணினாள். சும்மா இருக்கப் பிடிக்கவில்லையாம், அவள் தங்கச்சிக்குத் திரி பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறாளாம். இரண்டு பேரும் சேர்ந்து மணை போட்டு உட்கார்ந்து நாலு மணி நேரம் பார்த்தார்களாம். "அவளுக்கு நல்லா பொறுமைக்கா, ஒரு தடவை சொன்னா போதும், புடிச்சுக்கிறா" என்கிறாள். அந்தத் தங்கச்சி பிளஸ் டூ முடித்துவிட்டுச் செல்போன் நோண்டுகிறவள். அவளுக்கு என்ன தெரியும்? என்னைவிட நன்றாகப் பார்த்துவிடுவாளா? ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

என்ன, கண்டக்டர் கொடைரோடு கூப்பிடுகிறாரா? இல்லக்கா, நான் இறங்கலை. ஆமாம், எங்கள் ஊருக்கு இங்கேதான் இறங்கணும். நான் திண்டுக்கல்லுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன், அங்கே வடமதுரைக்கு வேறு பஸ் மாறணும். ஷைனியை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். போய் அந்தத் தங்கச்சி எப்படி உட்கார்ந்து பார்க்கிறாள் என்று ஒருதடவை நேரில் பார்க்கணும். மூன்று பேர் உட்காருகிற மாதிரி இடம் இருக்காது, யாராவது ஒருத்தர் எழுந்துதான் ஆகணும். அந்தத் தங்கச்சி எழட்டும்.